உவர்க்காற்றும் உலைத்தீயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் எதிலும் இரும்புத்தாது இல்லை. ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்டு வழங்கிய வேலணைத் தீவிலே, ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அயலாக வயலும் பனங்கூடலும் கலந்து விரியும் நாரந்தனையில் எந்தக் காணியில் எத்தனை முழம் தோண்டினாலும், மேல்மண்ணுக்குக் கீழே வெளிப்படுவது சுண்ணக்கல்லே. அதற்குள் ஊறுவது, காணிக்காரருடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்து, நன்னீராகவோ உவர்நீராகவோ இருக்கும். ஆகவே இத்தீவுகளில் உழவுக்கும் மீன்பிடிக்கும் கள்ளிறக்குவதற்கும் வீடு கட்டுவதற்கும் அடுக்களைக்கும் பயன்பட்ட இரும்பு, ஒரு சிறு ஆணி வரையிலே, வேறெங்கோ உருக்கப்பட்டுக் கடல் கடந்து வந்ததாகும். வந்து சேர்ந்த இரும்பையும் கடல் சும்மா விடுவதில்லை. வாடையோ சோளகமோ, எந்தக் காற்று வீசினாலும் அது உப்பைச் சுமந்தே வருகின்றமையால், எண்ணெய் பூசாமற் செத்தையிலே செருகி வைத்த கத்தி சில வாரங்களிலேயே செந்நிறம் கொண்டு, பின்னர் பொருக்கு விட்டு, அடுத்த மாரி முடிவதற்குள் பாதி எடை குறைந்த பண்டமாகிவிடும். கிடைப்பதற்கும் அரிதாய், நிலைப்பதற்கும் அரிதாய் இருந்த இந்த உலோகத்தை ஊராருக்குக் கட்டுப்படும் பொருளாக வைத்திருந்தவர் கொல்லர்.

கொல்லரைப் பற்றி நினைக்கும்போது புதிய வாளோ புதிய மண்வெட்டியோ ஆக்குபவராகவே நாம் அவரைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் கிராமப் பட்டறை ஒன்றின் அன்றாட அலுவலில் மிகப் பெரும்பகுதி, புதிது செய்வதிலன்றிப் பழையதைத் திருத்துவதிலேயே கழிந்தது. தேய்ந்த கொழுவுக்கு முனை வைப்பதும், மழுங்கிய கோடரியைக் காய்ச்சி அடித்து வாய் எடுப்பதும், கழன்ற பூணை இறுக்குவதும், உடைந்த பிணைச்சலை ஒட்டுவதுமே அவருடைய நாளை நிரப்பின. இது புதிய நிலைமையன்று. புறநானூற்றில் ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடியதாக வரும் செய்யுளிலே, ஒரு மன்னனின் வேல்கள் நெய் பூசப்பெற்று மாலை சூட்டப்பெற்று மாளிகையில் அழகாக இருப்பதும், மற்றொரு மன்னனின் வேல்கள் போரில் நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு குடிலிலே கிடப்பதும் சொல்லப்படுகின்றன. புலவர் கருதியது அரசருடைய வீரத்தை. ஆயினும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கொல்லன் பட்டறை ஒன்றின் உட்புறத்தை அவர் நமக்குக் காட்டிவிட்டார். சிறிய குடில், அதனுள்ளே பழுதுபட்டுக் குவிந்து கிடக்கும் கருவிகள். நமது காலத்துத் தீவகப் பட்டறைக்கும் இந்த வருணனை அப்படியே பொருந்தும்.

பட்டறையின் அமைப்பு எளியது. நாலு கப்பின் மேல் தாழ்வாக இறக்கிய ஓலைக்கூரை, அதன் கீழே நிலத்திலோ சிறு மேடையிலோ அமைந்த உலை, உலைக்கு ஒரு புறம் துருத்தி, மறு புறம் மரக்குற்றியில் ஆழப் பதித்த பட்டடை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, சுவரோரமாகக் குறடு, சம்மட்டி, சுத்தியல், வெட்டிரும்பு, அரம் என்பன. முற்காலத்துத் துருத்தி ஆட்டுத்தோலால் ஆனது. பின்னர் கையாற் சுழற்றும் இரும்புக் காற்றாடி வந்து, துருத்தி ஊதுவதற்கென்றே உலையடியில் குந்தியிருந்த சிறுவனுடைய சிரமத்தைக் குறைத்தது. எரிபொருளாகச் சிரட்டைக்கரியைக் கொல்லர் விரும்பியதற்குத் தக்க காரணம் உண்டு: அது சாம்பல் குறைவாய்க் கடும் உஷ்ணம் தருவது, நிலக்கரியிற் காணப்படுவதும் இரும்பினுட் புகுந்து அதனை நொய்ம்மையாக்குவதுமாகிய கந்தகம் அதில் இல்லையென்றே சொல்லலாம். தென்னையும் பனையும் செறிந்த நாட்டிலே பெண்கள் தேங்காய் துருவி எறிந்த சிரட்டை, அந்தத் தேங்காயைத் துருவிய திருவலையின் நாக்கையே மறுபடி கூராக்கும் தீயாகிற்று.

உலை இருக்கும் இடம் எப்பொழுதும் அரையிருளாகவே இருக்கும். ஏழ்மையினால் யன்னல் வைக்கவில்லை என்று எண்ணுவோர் உண்டு, அது தவறு. வெயில் வெளிச்சத்தில் காய்ந்த இரும்பின் நிறம் கண்ணுக்குப் புலப்படாது. கொல்லரிடம் வெப்பமானி கிடையாது. அவருடைய வெப்பமானி அந்த நிறமே. மங்கிய சிவப்புத் தோன்றும்போது இரும்பு ஏறத்தாழ 700 பாகை செல்சியசை எட்டியிருக்கும். செம்மஞ்சளாகும்போது 950 அளவில் நிற்கும். மஞ்சளாகும்போது 1,100ஐ அணுகும். கண் கூசும் வெண்மை கொண்டு பொறி தெறிக்கும்போது 1,300ஐ எட்டி, இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் ஒன்றாகவே ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருக்கும். அதற்குமேல் ஒரு கணம் பிந்தினாலும் இரும்பு எரிந்துபோகும். இந்த நிறங்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேற்றுமைகளை, பாடப்புத்தகம் எதுவுமின்றி, தந்தையின் அருகே துருத்தி ஊதிய காலத்திலிருந்தே பையன் கண்ணிற் பதித்துக்கொண்டான்.

எல்லாவற்றிலும் அரிய வேலை தோய்ச்சல். அதனைச் சற்று விரித்துச் சொல்லுதல் அவசியம். ஏனெனில் கொல்லருடைய அறிவு முழுவதும் இந்த ஓர் இடத்திலேயே குவிந்திருக்கிறது. கிணறு வெட்டுகிறவர் ஒருவர் அலவாங்கைத் தோளிற் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஆசாரியார், போனமுறை அடிச்சுத் தந்த முனை மடிஞ்சு போச்சு.”

“எங்கை வெட்டினனீங்கள், அண்ணை? தோட்டத்திலையோ, கிணத்துக்குள்ளையோ?”

“கிணத்துக்குள்ளைதான். கீழை ஒரே கல்லு.”

இந்தச் சம்பாஷணை வெறும் உபசார வார்த்தையன்று. வைத்தியர் நாடி பிடிப்பதற்கு நிகரானது. முனை மடிந்திருந்தால் இரும்பு மெதுமையாயிருந்தது என்று பொருள். முனை உடைந்து சில்லாகத் தெறித்திருந்தால் மிகக் கடினமாயிருந்தது என்று பொருள். இரண்டும் பழுதே, ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. கொல்லர் அலவாங்கின் முனையை உலையில் இட்டுச் செம்மஞ்சள் நிறம் வரக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டி அடியால் நாற்புறமும் சரித்துக் கூராக்குகிறார். பின்பு மறுபடி சிவக்கக் காய்ச்சி, முனையில் நாலு விரற்கடை அளவை மாத்திரம் தண்ணீரில் அமிழ்த்துகிறார். உருக்கிலே கலந்திருக்கும் சிறிதளவு கரி, 750 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இரும்பினுள்ளே கரைந்து பரவியிருக்கும். திடீரெனக் குளிரும்போது வெளியேற வழியின்றி அங்கேயே சிறைப்பட்டுவிடும். அதனால் இரும்பு கண்ணாடிபோற் கடினமாகும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். ஆதலால் வேலை இன்னும் முடியவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்த உடனே முனையை ஒரு கல்லில் உரைத்துப் பளபளப்பாக்கி, கண் இமையாமற் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீரிற் படாத மேற்பகுதியில் எஞ்சியிருக்கும் சூடு மெல்ல மெல்லக் கீழிறங்க, பளபளத்த இடத்திலே வைக்கோல் நிறம், கபிலம், ஊதா, நீலம் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனையை நோக்கி ஓடி வருகின்றன. வைக்கோல் நிறம் 220 பாகையளவிலே தோன்றுவது; நீலம் 300 பாகையளவிலே. சவரக்கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். கல்லோடு மோதும் அலவாங்குக்கு ஊதா நிறம் முனையைத் தொடும் அந்தக் கணத்திலே முழுவதையும் தண்ணீரிற் போட்டுவிட வேண்டும். ஒரு விநாடி முந்தினால் உடையும். ஒரு விநாடி பிந்தினால் மடியும். நாரந்தனைக் கிணற்றடிக் கல்லுக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது, மண்டைதீவு மணலுக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதை அறிந்திருந்தமையே தீவகத்துக் கொல்லரின் வித்தை. கடையில் விற்கும் கருவியை ஆக்கிய தொழிற்சாலைக்கு நமது கல்லைப்பற்றி ஏதும் தெரியாது.

பட்டறையை நாடி வந்த கருவிகளின் பெயர்களைச் சொன்னாலே அக்காலத்துத் தீவக வாழ்வு கண்முன் விரியும். ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முந்திய அவசரத்திலே கலப்பைக் கொழுக்களும் மண்வெட்டிகளும் வந்து குவியும். வானத்தை நம்பி ஒரு போகம் விதைக்கும் நிலமாதலால், கொழு பிந்தினால் விதைப்பும் பிந்தும் என்ற பதைப்பு ஊரார் முகத்தில் தெரியும். தை, மாசியில் அரிவு வெட்டும் தாக்கத்திகளின் முறை. புகையிலைத் தோட்டக்காரருக்குக் கன்று நடுவதிலிருந்து கெட்டு முறிப்பது வரையும் தனித்தனிக் கத்தியும் மண்வெட்டியும் வேண்டும். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பாய்க்கப்பலில் ஏறிய நாட்களிலே அந்தத் தோட்டங்கள் எவ்வளவு இரும்பைத் தேய்த்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கடற்றொழிலாளருக்கு நங்கூரமும், மீன் குத்தும் மண்டாவும், வள்ளத்துப் பலகையை இறுக்கும் ஆணியும். கோயிலுக்குத் தேர்ச்சில்லின் பட்டமும் சங்கிலியும் கதவுப் பூட்டும்.

இவற்றுள் கொக்கச்சத்தகத்தை விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். நீண்ட கொக்கத்தடியின் நுனியிலே கட்டி, ஆடுகளுக்குப் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் அறுப்பதற்கும், உச்சியில் நிற்கும் முருங்கைக்காயைப் பறிப்பதற்கும் பயன்படும் இந்தச் சிறு வளைகத்தி, யாழ்ப்பாணத்து வீடு ஒவ்வொன்றிலும் இருந்தது. வளைவு கூடினால் கொப்பிலே சிக்கிக்கொள்ளும். குறைந்தால் வழுக்கிப் போகும். உட்புறத்தில் மாத்திரம் கூர் இருக்க வேண்டும். இழுக்கும்போது தடியிலிருந்து கழன்று கீழே நிற்பவரின் தலையில் விழாதபடி அடிப்பகுதி அமைந்திருக்க வேண்டும். ஒரு சாண் நீளமுமில்லாத இதிலே இத்தனை நியாயங்கள் அடங்கியிருக்கின்றன. அதுபோலவே பனையேறும் தொழிலாளியின் பாளைக்கத்தி. தளைநாரைக் காலிற் பூட்டி முட்டியுடன் மேலேறுபவர், பாளையின் நுனியை நாள்தோறும் காகிதம்போல் மெல்லிதாகச் சீவவேண்டும். சீவல் தடித்தால் பாளை வீணாகச் சீக்கிரம் தேய்ந்துபோகும். கூர் குறைந்தால் பாளை நைந்து கள் சுரப்பது நிற்கும். ஆகவே பாளைக்கத்தியைச் செய்விப்பவர் பட்டறையிலேயே காத்திருந்து, தன் கைக்கு இசையும்வரை எடையையும் சரிவையும் சொல்லிச் சொல்லித் திருத்துவித்தார். இன்னொன்று உழவாரம். தோட்டத்திலும் கோயில் வீதியிலும் புல்லைச் செதுக்கும் இந்தத் தட்டையான கருவியைத் திருநாவுக்கரசு நாயனாரின் திருக்கரத்திலே கண்டு கும்பிடுகிறோம். அப்பர் சுவாமிகளின் கையிலிருந்ததையும் யாரோ ஒரு கொல்லர் உலையிற் காய்ச்சித்தான் கொடுத்திருப்பார் என்ற எண்ணம் எனக்குக் கோயிலில் நிற்கும்போதெல்லாம் வருவதுண்டு.

வண்டிற் சில்லுக்குப் பட்டம் ஏற்றும் நாள் ஊருக்கே ஒரு காட்சி. மரச்சில்லைத் தச்சர் முடித்துக் கொடுத்த பின், அதன் வெளிச்சுற்றைக் கயிற்றாலோ உருளையாலோ அளந்து, அந்த அளவிலும் சற்றுக் குறைந்த சுற்றளவில் இரும்புப் பட்டத்தை வளைத்து ஒட்டுவார் கொல்லர். குளிர்ந்த நிலையில் பட்டம் சில்லின்மேல் ஏறாது. வெளியிலே பட்டத்தைச் சுற்றிப் பொச்சுமட்டையும் விறகும் அடுக்கிக் கொளுத்தி, அது மங்கிய சிவப்பை அணுகும்வரை காய்ச்சி, மூன்று நாலு பேர் நீண்ட குறடுகளாற் பிடித்துத் தூக்கிச் சில்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் இறக்க, மரம் தீப்பற்றிப் புகையத் தொடங்கும். அதே கணம் பானைகளிலே காத்திருக்கும் தண்ணீர் ஊற்றப்படும். 5 அடி விட்டமுள்ள சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 15 அடி 8 அங்குலம். அந்த அளவுள்ள பட்டம் 500 பாகை சூடேறினால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாக நீளும். குளிர்ந்ததும் அந்த ஓர் அங்குலத்தை மீளப் பெறுவதற்காக மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆரக்கால்கள் நெரிந்து தத்தம் குழிக்குள் இறங்கும் சத்தம் கேட்கும். ஆணியின்றியே பல ஆண்டு கழலாமல் நிற்கும் அந்தப் பிணைப்பு, வெப்பத்தால் உலோகம் விரியும் என்ற பௌதிக விதியைக் கல்லூரியில் மனனம் செய்தவர்களுக்கு முன்னரே, படியாதவர் என்று நாம் கருதியவர்கள் கைவசம் வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

அந்த வண்டிலை இழுத்த மாட்டுக்கு லாடன் அடிப்பதும் இத்தொழிலின் ஒரு கிளை. குதிரையின் குளம்பு ஒற்றை. மாட்டின் குளம்பு பிளந்தது. ஆதலால் குதிரைக்கு நாலு லாடன் போதும். மாட்டுக்கு முழுமையாக அடிப்பதானால் எட்டு மெல்லிய தகடுகள் வேண்டும். குதிரை நின்றபடியே காலைக் கொடுக்கும். மாட்டைக் கயிறு போட்டுச் சரித்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பின் உயிரற்ற ஓட்டுக்குள் மாத்திரம் ஆணி இறங்கும்படி சரித்து அடிக்க வேண்டும். நெடுந்தீவிலே குதிரைகள் இருக்கின்றன அல்லவா என்று வாசகர் கேட்கலாம். ஐரோப்பியர் ஆட்சியிலே அத்தீவு குதிரை வளர்க்கும் இடமாக இருந்ததும், அக்காலத்துக் குதிரை லாயத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்பதும் உண்மையே. ஆயினும் இன்று அங்கே உலாவும் குதிரைகள் கட்டுக்கடங்காமல் வெளியிலே மேய்பவை. லாடன் என்பதை அறியாதவை.

கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், கற்சிற்பியர் என ஐந்தொழில் புரியும் கம்மாளர், தம்மை விசுவகர்மாவின் வழித்தோன்றல்களாகக் கொண்டு காமாட்சியம்மையை வழிபடுபவர்கள். யாழ்ப்பாண நகரத்தின் தட்டாதெருவும் கன்னாதிட்டியும், வலிகாமத்தின் கொல்லங்கலட்டியும் அவர்கள் வாழ்ந்த இடங்களின் அடையாளங்களை இன்றுவரை காத்து நிற்கின்றன. நவராத்திரியின் முடிவில் ஆயுத பூசையன்று உலை அணைந்திருக்கும். பட்டடைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூச் சாத்துவார்கள். ஆனால் இந்தக் கௌரவம் சமூகத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடத்தோடு ஒத்ததாக இருக்கவில்லை என்பதையும் மறையாமற் சொல்ல வேண்டும். ஊரின் கதவுகளுக்கெல்லாம் பூட்டும் திறப்பும் செய்தவரை அந்தக் கதவுகளுட் சிலவற்றுக்கு வெளியே நிறுத்திய சாதி ஒழுங்கு ஒன்று இருந்தது. கல்வி பெற்ற கொல்லர் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பொறியியலாளராகவும் போனதை இழப்பென்று கூற என் மனம் ஒப்பாது. வருந்தத்தக்கது வேறொன்று: பிறப்பினாலன்றி விருப்பத்தினால் அந்த வித்தையைக் கற்கக்கூடிய வழி ஒன்றை நமது சமூகம் திறந்து வைக்கவில்லை, ஆகவே பிள்ளை பட்டறையை விட்டுப் போனபோது வித்தையும் பட்டறையை விட்டுப் போயிற்று.

இதே கதையை உலகின் மறுகோடியிலுள்ள அயர்லாந்துத் தீவிலும் காணலாம். சிறு நிலங்கள், கடற்காற்று, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன பிள்ளைகள் என்று பல வகையிலும் நமது தீவகத்தை நினைவூட்டும் அந்நாட்டிலே, கிராமத்துக்குக் கிராமம் கொல்லன் உலை இருந்தது. சில பட்டறைகளின் வாசலைக் குதிரை லாடத்தின் வடிவிலேயே கல்லால் வளைத்துக் கட்டினார்கள். அவர்களுடைய புராணத்தில் கொய்ப்னியு என்னும் கொல்லத் தெய்வம் ஒன்று உண்டு. தேவர் கூட்டத்துக்கும் பகைவருக்கும் நடந்த பெரும் போரிலே, முறிந்த வேல்களையும் வாள்களையும் மூன்றே அடியில் புதுப்பித்துப் போர்க்களத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்ததாக அத்தெய்வத்தைப் பற்றிச் சொல்கிறார்கள்; இங்கும் கொல்லனின் மகிமை திருத்துவதிலேயே காட்டப்படுகிறது. புனித பற்றிக்கின் பெயரால் வழங்கும் பழைய மன்றாட்டொன்று, கொல்லர்களுடைய மந்திர சக்தியிலிருந்து தன்னைக் காக்குமாறு இறைவனை வேண்டுகிறது. அந்த அளவுக்கு இரும்பை வசப்படுத்தியவரிடம் மக்களுக்கு அச்சம் கலந்த மதிப்பு இருந்தது. காய்ந்த இரும்பைத் தோய்த்த தொட்டித் தண்ணீர் தோல் மருவைப் போக்கும் என்று அயர்லாந்துக் கிராமத்தார் நம்பினார்கள். நம்மிடையே பூப்பெய்திய பெண்ணின் பக்கத்தில் சத்தகம் வைப்பதும், மச்சக் கறி கொண்டு போகும் பாத்திரத்தோடு ஓர் இரும்புத்துண்டையோ கரித்துண்டையோ சேர்த்துவிடுவதும் இந்த நம்பிக்கைக்கு உறவானவையே.

அயர்லாந்தின் உலைகளை அணைத்தவற்றுள் முதன்மையானது உழவு இயந்திரம். குதிரை வயலைவிட்டு நீங்கியதும் லாடனும் நீங்கியது. அந்த இயந்திரங்களுள் பேர்பெற்றதை ஆக்கியவர், 1884இல் அத்தீவின் டவுண் கவுண்டியிலே ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த ஹரி பெர்குசன். 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான அவருடைய சாம்பல் நிற இயந்திரம் குதிரைக் கலப்பையைப் பின்தள்ளிற்று. 1953இல் அவருடைய நிறுவனம் மாசி நிறுவனத்தோடு இணைந்தது. மாசி பெர்குசன் என்ற பெயரோடு சிவப்பு நிறத்தில் நமது வட மாகாண வயல்களுக்கும் அது வந்து சேர்ந்தது. இங்கே மாட்டு ஏரும் மரக்கலப்பையும் அதன் கொழுவும் ஓய்வு பெற்றன. நீர் இறைக்கும் இயந்திரம் துலாவை ஒதுக்கியது. இறப்பர்ச் சில்லு இரும்புப் பட்டத்தை ஒதுக்கியது. கண்ணாடி நாரிழை வள்ளம் ஆணியை ஒதுக்கியது. ஒவ்வொரு மாற்றமும் மக்களின் உடலுழைப்பைக் குறைத்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் பட்டறையின் வருமானத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோயின. ஒரு நன்மையும் விளைந்தது: பழைய லொறிகளின் வில்லுத்தகடு கொல்லருக்கு வாய்த்த சிறந்த உருக்காயிற்று. கத்திக்கு ஏற்ற கரியளவு அதில் இயல்பாகவே இருப்பதால், தேய்ந்த லொறி ஒன்றின் வில்லிலிருந்து ஊருக்கு வேண்டிய கத்திகளை வெட்டி எடுக்கலாம். இன்றும் நல்ல கத்தி வேண்டுவோர், “வில்லிலை அடிச்சதோ?” என்று கேட்டே வாங்குகிறார்கள்.

அயர்லாந்துக்கு நேராத ஒன்று நமக்கு நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தினால் தீவக மக்களிற் பெரும்பாலோர் தம் ஊர்களைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். ஓடுகிறவர் நகையை எடுக்கலாம், காணி உறுதியை எடுக்கலாம். மரக்குற்றியில் ஆழப் பதித்த பட்டடையைத் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. மீண்டு வந்தவர்கள் மிகச் சிலரே. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டிய உழவரும் தொழிலாளரும் வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். சந்தையிலே வெளிநாட்டு மண்வெட்டி மலிவாகக் கிடைக்கிறது. முனை மடிந்தால் அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவது வழக்கமாகிவிட்டது. எறிந்த இரும்பு வேலியோரத்தில் கிடந்து உவர்க்காற்றுக்கு இரையாகிறது. அயர்லாந்திலோ பந்தயக் குதிரைகள் இருப்பதனால் லாடம் அடிப்பவரின் தொழில் இன்றும் பயிற்சியும் மதிப்பும் உள்ள தொழிலாக நிலைத்திருக்கிறது. நமது மாடுகள் வீதியைவிட்டுப் போய்விட்டன. சவாரி வண்டில்கள் சில மாத்திரம் திருவிழாக் கோலத்தோடு ஓடுகின்றன.

ஆயினும் அந்நாட்டார் செய்த ஒரு காரியத்தை நாமும் செய்யலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்றுக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அது 1937 முதல் 1939 வரை 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் 50,000 பேருக்கு மேற்பட்டோரிடம், வாரந்தோறும் ஒரு விடயத்தைக் குறித்துத் தம் வீட்டு மூத்தோரிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதி வரும்படி சொல்லிற்று. அந்த விடயங்களுள் ஒன்று ஊர்க் கொல்லன் பட்டறை. பட்டறை எங்கே இருக்கிறது, எத்தனை தலைமுறையாக நடக்கிறது, துருத்தி எத்தகையது, எந்தெந்தக் கருவிகள் ஆக்கப்படுகின்றன, உலைத்தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் சிறுவர் தம் பிஞ்சுக் கையெழுத்தில் எழுதினார்கள். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் கொண்ட அந்தத் திரட்டை இன்று இணையத்தில் எவரும் வாசிக்கலாம். அடுத்த சில பத்தாண்டுகளில் உலைகள் அணையப் போகின்றன என்று அந்தச் சிறுவருக்குத் தெரியாது. தெரியாமலே அவர்கள் காலத்தை முந்திவிட்டார்கள்.

நாம் பிந்திவிட்டோம், எனினும் முற்றாகப் பிந்திவிடவில்லை. ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, சரவணை, வேலணைப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்குத் தாத்தாமாரும் பாட்டிமாரும் இருக்கிறார்கள். கடல் கடந்து வாழும் மூத்தோரோ தொலைபேசியில் ஊர்க்கதை சொல்ல ஆவலோடு காத்திருக்கிறார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் திரட்டி வரும் நூலக நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் அத்தகைய ஏடுகளைப் பேணுவதற்கான வசதியும் அனுபவமும் உள்ளன. கருவிகளைப் பொறுத்தவரை அவசரம் அவ்வளவு இல்லை. துருப்பிடித்த கொக்கச்சத்தகமும் பழைய குறடும் கோடியிலோ கூரைமுகட்டிலோ கிடைக்கும், அளந்து படம் வரையலாம். அவசரமானது தோய்ச்சல். எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள், பாளைக்கத்திக்கு எது, அலவாங்குக்கு எது, தண்ணீரிலா எண்ணெயிலா தோய்த்தீர்கள், தொட்டித் தண்ணீரை எப்போது மாற்றினீர்கள், சிரட்டைக்கரிக்குத் தட்டுப்பாடு வந்த நாட்களில் எந்த விறகைக் கரித்தீர்கள் என்று, உலைமுகத்தில் இருந்த கண்கள் இன்னும் பார்வையோடு இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். முடிந்தால் ஒரு வில்லுத்தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பெரியவர் அருகிலிருந்து பார்க்க, ஓர் இளைஞன் அதனைக் காய்ச்சித் தோய்ப்பதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். நிறத்தைப் பற்றிய பேச்சுக்கு அதுவே சரியான இடம்.